குறைந்த செலவில் காரைத் தாழ்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் காரைத் தாழ்த்தியிருக்கிறேன், அதாவது உடம்பு தரைக்கு நெருக்கமாக இருக்கும்படி இறக்கியிருக்கிறேன். நண்பர்களின் கார்களுக்கு அடியிலும் பல விடுமுறை நாட்களைக் கழித்திருக்கிறேன். அதனால் சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங், ஷாக் அமைப்பு) வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்து வந்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

வண்டியைத் தாழ்த்தினா உண்மையிலேயே நல்லா ஓடுமா, இல்ல பார்வைக்கு மட்டும்தானா?

கொஞ்சம் நன்றாக ஓடும். ஆனால் நினைக்கும் காரணத்தால் இல்லை. சாதாரண காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 500 முதல் 600 மி.மீ. உயரத்தில் இருக்கும். காரை 30 மி.மீ. தாழ்த்தினால் வளைவில் ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் எடை சுமார் 5 சதவீதம் குறையும், அவ்வளவுதான். ஓட்டும்போது நமக்குத் தெரியும் பெரிய மாற்றம் கெட்டியான ஸ்பிரிங்காலும் நல்ல ஷாக்காலும் வருவது.

பார்வைக்காகச் செய்வதிலும் தவறே இல்லை. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள வெற்றிடம் கண்ணை உறுத்துகிறது என்பது முழுமையான காரணம்தான். எதற்காகச் செய்கிறோம் என்று முதலிலேயே நமக்குத் தெரிந்திருந்தால் போதும், வாங்கும் பொருள் அதைப் பொறுத்தே மாறும்.

லோயரிங் ஸ்பிரிங், காயில்ஓவர், ஏர் சஸ்பென்ஷன்... இதெல்லாம் என்ன? வித்தியாசம் புரியல.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். இந்த இரண்டையும் தனித்தனி வேலையாக மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையான, சற்றுக் கெட்டியான ஸ்பிரிங். உயரம் நிலையானது, மாட்டிய பிறகு மாற்ற முடியாது. காயில்ஓவரில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வரும். ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும், காலரைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. கம்ப்ரசர், டாங்க், வால்வு, குழாய் என்று பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். குறைந்த செலவு என்று பேசும்போது அதை ஓரமாக வைத்துவிடலாம், இந்தப் பக்கத்தில் அதைத் தொடவில்லை.

எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தலாம்?

கம்பெனி ஷாக் நீளத்தோடு ஓட்டும் சாதாரணக் காருக்கு 20 முதல் 30 மி.மீ. வரை பயமில்லை. 40-ஐத் தாண்டினால் ஒவ்வொரு 5 மி.மீட்டருக்கும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாக மாற்ற வேண்டி வரும்.

காரணம் டிராவல். சக்கரம் மேலே எழும்ப மிச்சமிருக்கும் இடத்தைத்தான் டிராவல் என்கிறேன். ஒரு காரில் அது 80 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. தாழ்த்தியதும் 50 ஆகிவிடும். ஒரு குழியின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் அளவு, டிராவலின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-இன் வர்க்கம் 6400, 50-இன் வர்க்கம் 2500. அதே அடியை 50 மி.மீட்டருக்குள் ஸ்பிரிங் மட்டும் வாங்க வேண்டுமானால் அது இரண்டரை மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்க வேண்டும். அவ்வளவு கெட்டியாக வீதிக்கான லோயரிங் ஸ்பிரிங் எதையும் செய்வதில்லை. மீதி அடியைக் கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் நுரைதான் வாங்குகிறது. தாழ்த்திய கார் குதிக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அந்த நுரையின் மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கார் சமதரையில் நிற்கும்போது முன்சக்கரத்தின் பின்னாலிருந்து டார்ச் அடித்து லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தைக் காரின் உடம்போடு கீழே இணைக்கும் கையைப் பாருங்கள். உடம்போடு சேரும் முனை மேலேயும், சக்கரத்தின் பக்கம் உள்ள பால் ஜாயின்ட் கீழேயும் இருந்தால் ஆர்ம் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் தாழ்த்த இடமிருக்கிறது. ஏற்கெனவே கிடைமட்டமாக இருந்தால் அந்தக் காரில் 20-ஓடு நிறுத்திக்கொள்வேன். ஏன் என்பது வளைவில் சாய்வது பற்றிய கேள்வியில் வருகிறது.

ஸ்பிரிங்கை ஒண்ணரை சுத்து வெட்டிவிட்டா போதாதா? காசே செலவில்லையே.

வேண்டாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரையை வெட்டினால் மீதி நாலரை. சுற்று குறைந்த விகிதத்தில் ஸ்பிரிங் கெட்டியாகும், இங்கே மூன்றில் ஒரு பங்கு. அது பெரிய கெடுதல் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, தட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். வெட்டியது அந்தச் சுற்று. இனி வெட்டு முனை ஒரு புள்ளியில் தட்டைக் குத்திக்கொண்டு நிற்கும். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம், திரும்ப எடை ஏறும்போது தவறான இடத்தில் உட்காரலாம்.

கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் பலம் அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. சூடாக்கிய இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பிறகு அந்த ஸ்பிரிங் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பிரிங் மட்டும் மாத்துறேன், பழைய ஷாக்கே இருக்கட்டும். ஓடுமா?

ஷாக் புதிதாகவும் தாழ்த்துவது 25 மி.மீட்டருக்குள்ளும் இருந்தால் ஓடும். இல்லையென்றால் சில மாதங்கள் ஓடும்.

என் முதல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதில் நல்ல பெயருள்ள ஸ்பிரிங்கை, பழைய ஷாக்கின் மேலேயே மாட்டினேன். முதல் வாரம் பிரமாதமாக இருந்தது. நான்கு நண்பர்களோடு ஒரு பாலத்தின் இணைப்பைக் கடந்த ராத்திரி பின்பக்கம் ‘தட்’ என்று அடித்தது, அடித்துவிட்டு மூன்று முறை ஆடியது. காலையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பின் ஷாக்கிலும் எண்ணெய் வழிந்து, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. ஸ்பிரிங்கின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. களைத்துப் போன ஷாக்கை அதைவிடக் கெட்டியான ஸ்பிரிங்கை அடக்கச் சொன்னது நான். அதன் பிறகு அதே பட்டறையில் அதே கூலியை இரண்டாம் முறை கொடுத்து ஷாக் மாற்றினேன்.

ஆகவே ஷாக்கின் வயது பாதி தாண்டியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கழற்றி மாட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

விலை குறைஞ்ச காயில்ஓவர் வாங்கவா, அதே காசுக்கு நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் வாங்கவா?

அன்றாடம் ஓட்டும் காருக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காசு குறைவாக இருக்கும்போது அது ஷாக்குக்குள் போக வேண்டும். உள்ளே இருக்கும் பிஸ்டன், வால்வு, சீல் இவைதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன, அவை வெளியே தெரியாது. மலிவுக் காயில்ஓவரில் காசு வெளியே தெரியும் இடங்களுக்குப் போய்விடும்: நிறமேற்றிய அலுமினியக் காலர், மேல் தட்டு, ஸ்பேனர், பெட்டி.

ஷாக் எடுக்கும்போது அது தாழ்த்திய காருக்கானதா என்று பாருங்கள். பில்ஸ்டைன் என்ற நிறுவனத்தின் ஷாக் வரிசையை எடுத்துக்கொண்டால் பி4 என்பது கம்பெனி ஷாக்குக்குப் பதில் போடுவது, பி6 கம்பெனி உயரத்துக்கான கெட்டியான ஷாக், பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்காக உடம்பைக் குட்டையாகச் செய்தது. கோனி என்ற இன்னொரு நிறுவனத்தின் மஞ்சள் ஷாக்கில் திரும்பி எழும் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி ஷாக்கை அமைத்துக்கொள்ள அது ஒன்றே பெரிய உதவி. எந்தப் பிராண்டாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஷாக் எத்தனை மி.மீ. தாழ்த்திய ஸ்பிரிங்குக்குச் சரிவரும்?

காயில்ஓவர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. டிராக்குக்கு (பந்தயத் தடத்துக்கு) ஒரு உயரம், வீதிக்கு ஒரு உயரம் வேண்டும். அகலமான சக்கரம் போட்டு ஃபெண்டரோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒட்ட வைக்க வேண்டும். நான்கு மூலையின் எடையையும் தராசில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் எடுங்கள். ஆனால் சீல், ஷாக் கார்ட்ரிட்ஜ் (ஷாக்கின் உள்பாகம்), மேல் மவுன்ட் (ஷாக்கின் உச்சி காரோடு சேரும் பாகம்) தனித்தனியாகக் கிடைக்கிற, பழுது பார்த்துத் தருகிற நிறுவனத்தின் செட்டாக எடுங்கள். ஒரு ஷாக் ஒழுகினால் முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டிய பொருள் மலிவானது இல்லை.

32 கிளிக் அட்ஜஸ்ட்மென்ட்னு போட்டிருக்கு. கிளிக் கூட இருந்தா நல்லதுதானே?

ஷாக்கின் கெட்டியை மாற்றும் திருகு நிற்கும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். அதன் எண்ணிக்கைக்கும் ஷாக்கின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே திருகில் அமுங்குவதும் எழுவதும் சேர்ந்தே மாறும் ஷாக்குகள் பல. அதில் கெட்டியாக்கினால் குழியில் அடிப்பதும் கூடும். மலிவு செட்டுகளில் முதல் பத்துக் கிளிக்கில் எதுவுமே மாறாமல், கடைசி ஐந்தில் எல்லாம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே கிளிக்கில் ஒரே மாதிரி வேலை செய்யும் நான்கு நிலைகள் இருந்தால் அது நல்ல ஷாக்.

ஸ்பிரிங் ரேட் 8 கே, 6 கேனு சொல்றாங்க. எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

8 கே என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ எடை வேண்டும். சில செட்டுகளில் நியூட்டனில் இருக்கும். 1 கிலோ/மி.மீ. என்பது சுமார் 9.8 நியூட்டன்/மி.மீ., அல்லது 56 பவுண்டு/அங்குலம்.

எண்ணை மட்டும் பார்த்து இரண்டு கார்களை ஒப்பிடாதீர்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து தூண் போல நிற்கும் அமைப்பு) உள்ள காரில் ஸ்பிரிங் கிட்டத்தட்டச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், சக்கரம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு ஸ்பிரிங்கும் அமுங்கும். வேறு சில அமைப்புகளில் ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் இருக்கும், சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ.தான் அமுங்கும். அந்த 0.7-ஐ வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும். 8 கே ஸ்பிரிங் சக்கரத்தில் 4 கே போலத்தான் தெரியும். அதனால்தான் ஒரே காரில் பின்பக்க எண் பெரிதாக இருந்தும் ஓட்டம் மென்மையாக இருக்கலாம்.

கணக்குப் போட ஆசை உள்ளவர்களுக்கு: சக்கரத்தில் தெரியும் ரேட்டை நியூட்டன்/மீட்டரில் எழுதி, அந்த மூலையில் உள்ள உடம்பின் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுங்கள். கார் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று வரும். 300 கிலோ உள்ள மூலையில் 25 நியூட்டன்/மி.மீ. என்றால் 1.45. குடும்பக் கார்கள் 1 முதல் 1.5-க்குள் இருக்கும். 2-ஐத் தாண்டினால் அது டிராக்குக்கான செட். தினம் வீட்டில் உள்ளவர்களை அதில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

ப்ரீலோடு ஏத்தினா ஸ்டிஃப் ஆகும்னு மெக்கானிக் சொல்றாரு. நிஜமா?

ப்ரீலோடு என்பது காலரைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது. நேரான ரேட் உள்ள, அதாவது எவ்வளவு அமுங்கினாலும் ரேட் மாறாத ஸ்பிரிங்கில் ஆகாது. ஒரு மூலையில் 3000 நியூட்டன் எடை, 50 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். காலரை 10 மி.மீ. மேலே திருகினால் கார் அந்த மூலையில் ஏறத்தாழ 10 மி.மீ. எழும்பும். ஸ்பிரிங் அதே 50-தான். கெட்டியானது போலத் தெரிவது, சக்கரம் கீழே தொங்க இருந்த இடம் குறைந்துபோனதால்.

இதிலேயே காயில்ஓவரின் இரண்டு வகையும் அடங்கியிருக்கிறது. காலர் மட்டும் உள்ள வகையில் காரைத் தாழ்த்தினால் மேல் நோக்கிய டிராவலும் குறையும். மேலும் தாழ்த்தினால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஷாக்கின் அடிப்பகுதியும் தனியாக மரையில் ஏறி இறங்கும் வகையில், டிராவலைத் தொடாமல் உயரத்தை மட்டும் மாற்றலாம். அதிகம் தாழ்த்த நினைப்பவர்களுக்கு இரண்டாவது வகைதான்.

யாரோ கழட்டி வச்ச செட் பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

ஸ்பிரிங் மட்டும் என்றால் தாராளமாக. துரு அரித்த பள்ளமோ வெட்டிய முனையோ இல்லாமல் இருந்து, பாக எண் உங்கள் காருக்கும் எஞ்சினுக்கும் ஒத்துவந்தால் போதும். டீசல் எஞ்சின் எடை கூட, பெட்ரோல் காரில் அதே ஸ்பிரிங் போட்டால் முன்பக்கம் எதிர்பார்த்த அளவு இறங்காது.

ஷாக்கும் காயில்ஓவரும் என்றால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஷாக்கின் உள்ளே போய் வரும் கம்பியைத் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் கீறல் சீலை அறுத்துவிடும். பிறகு ஜோடியை நிறுத்தி வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பாருங்கள். ஒன்று சட்டென்று இறங்கி மற்றது தடுத்தால் ஜோடி கெட்டது. நடுவில் எங்காவது தடையில்லாமல் ‘லொடக்’ என்று நழுவினாலும் வேண்டாம். கடைசியாகக் காலரைக் கையால் திருகச் சொல்லுங்கள். மரையில் இறுகிப் போன காலர் உள்ள காயில்ஓவர், உயரம் மாற்ற முடியாத காயில்ஓவர்.

செட் விலையைத் தவிர வேற என்ன செலவு வரும்?

மேல் மவுன்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி மறைப்பான். இவற்றைப் பழையதாகவே போட்டுவிட்டுப் பிறகு சத்தம் என்று திரும்பக் கழற்றுபவர்கள்தான் அதிகம். துருப்பிடித்த கிளாம்ப் போல்ட்டுகளுக்குப் பதில் புதியவை. ஸ்டெபிலைசர் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) லிங்க் கழற்றும்போதே பாதி உடைந்துவிடும், ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செலவை இரண்டு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் ஸ்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஸ்பிரிங் செட்டுகளின் தாளில் பழைய பம்ப் ஸ்டாப்பில் இத்தனை மி.மீ. வெட்டு என்று படத்தோடு இருக்கும். அப்படிச் சொல்லியிருந்தால் அளந்து அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். முழுதாக எடுத்துவிடவே கூடாது, அது இல்லாவிட்டால் பிஸ்டன் அடியில் மோதி ஷாக் உடையும்.

வீட்டிலேயே நானே மாட்டிக்கலாமா?

பின்பக்கம் ஸ்பிரிங் தனியாக இருக்கும் கார் என்றால், நல்ல ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச்) இருந்தால் செய்யலாம். முன்பக்க ஸ்ட்ரட்டைப் பிரிப்பதற்கு ஸ்பிரிங் கம்ப்ரசர் வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்குக்குள் இருக்கும் விசை முகத்தைச் சிதைக்கப் போதும். மேல் நட்டை ஸ்பிரிங்கை அமுக்காமல் தொடவே கூடாது. இதில் பழக்கம் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றி, பிரித்து மாட்டுவதை மட்டும் பட்டறையில் கொடுங்கள்.

செய்பவர்கள் அடிக்கடி தவறவிடும் மூன்று விஷயங்கள். ஷாக் கம்பியைப் பிளையரால் பிடிக்காதீர்கள், உச்சியில் உள்ள ஆலன் குழியில் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுங்கள். பிரேக் காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். மூன்றாவதுதான் பெரிய பட்டறைகளிலும் நடப்பது: ஆர்ம் புஷ்களின் (ஆர்ம் உடம்போடு சேரும் இடத்து ரப்பர் வளையங்களின்) போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுவது. புஷ்ஷுக்குள் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள்.

மாட்டினதும் அலைன்மென்ட் பண்ணியே ஆகணுமா? டயர் உள்பக்கம் தேயறது கேம்பராலதானே?

பண்ணியே ஆக வேண்டும். உள்பக்கம் தேய்வதற்குக் கேம்பரைத்தான் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்). காரைத் தாழ்த்தும்போது ஸ்டீயரிங் ராடின் கோணமும் மாறி, சக்கரங்கள் முன்னால் விரிந்தோ சேர்ந்தோ நிற்கும். அப்படி நின்றால் டயர் உருளும்போதே பக்கவாட்டில் இழுபடும். டோ சரியாக இருந்தால் மைனஸ் ஒன்றரை டிகிரி கேம்பரோடு டயர் நன்றாகவே ஆயுள் தரும். டோ தவறாக இருந்தால் ஓரிரு மாதத்தில் நூல் தெரியும்.

மாட்டிய அன்றே டோவை மட்டும் ஒருமுறை சரிசெய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு முழு அலைன்மென்ட். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு அளங்கள். டயர் காற்று, தேய்மானம் எதுவும் அந்த அளவைக் கெடுக்காது.

மாட்டி ஒரு வாரம் ஆச்சு, டக்கு டக்குனு சத்தம். செட்டே மோசமா?

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று வந்தால் மேல் மவுன்ட் பேரிங், அல்லது ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காரவில்லை. சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் கடகடத்தால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது இறுகாத மேல் நட்டு. பெரிய பள்ளத்தில் ஒரே ஒரு தட் என்றால் பம்ப் ஸ்டாப்.

கடைசியதை உறுதி செய்ய ஒரு நைலான் டை போதும். ஷாக் கம்பியைச் சுற்றி, ஷாக்கின் உடம்பை ஒட்டினாற்போல் மெதுவாகக் கட்டுங்கள். வழக்கமான சாலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். கம்பி எவ்வளவு உள்ளே போனதோ அந்த இடத்தில் டை நிற்கும். அது பம்ப் ஸ்டாப்புக்குள் புதைந்திருந்தால், மூன்றாவது கேள்வியில் சொன்ன கணக்கு உங்கள் காரில் நடந்துகொண்டிருக்கிறது. 10 மி.மீ. உயர்த்திப் பாருங்கள், பலருக்கு அதுவே தீர்வாகிவிடும். கம்பியைத் தலைகீழாக வைத்துச் செய்த ஷாக்கில் இது முடியாது, கம்பி வெளியே தெரியாது.

தாழ்த்தின அப்புறம் வளைவுல முன்னவிட அதிகமா சாயற மாதிரி இருக்கு. எப்படி?

சரியாகத்தான் உணர்ந்திருக்கிறீர்கள். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் இது நடக்கும். ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளர் 1940களில் வடிவமைத்த இந்த அமைப்பு இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும், அதனால் இன்று பெரும்பாலான முன்சக்கர இழுவைக் கார்களில் இதுதான்.

வளைவில் உடம்பு ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. லோயர் ஆர்மின் சரிவுதான் அந்தப் புள்ளியின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. கார் 30 மி.மீ. இறங்கி ஆர்ம் மேல் நோக்கித் திரும்பிவிட்டால், அந்தப் புள்ளி அதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது, அந்தத் தூரம்தான் உடம்பைச் சாய்க்கும் நெம்புகோல். டார்ச் அடித்து ஆர்மைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நீளம் கூடிய பால் ஜாயின்ட் போட்டு ஆர்மைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரலாம், அதற்கு ஸ்டீயரிங் ராடையும் சேர்த்து மாற்ற வேண்டும். செலவு குறைவான வழி, கொஞ்சம் உயர்த்திவிடுவது.

பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்க ஷாக் மேலேயே ஸ்பிரிங் வச்ச காயில்ஓவர் போடலாமா?

கம்பெனி அமைப்பில் காரின் எடை ஸ்பிரிங் தட்டின் வழியாக உடம்புக்குப் போகிறது. ஷாக்கின் மேல் மவுன்ட், ஷாக்கின் விசையைத் தாங்குவதற்காக மட்டும் செய்யப்பட்டது. ஸ்பிரிங்கையும் அங்கே மாற்றினால் அந்த மூலையின் முழு எடையும் அந்தச் சின்ன இடத்துக்குப் போகும், தகடு விரிசல் விடலாம். மவுன்ட்டுக்கு வலுவூட்டி வெல்டிங் செய்யாமல் போடாதீர்கள். குறைந்த செலவில் செய்பவர்கள் கம்பெனி அமைப்பையே வைத்துக்கொள்ளட்டும்.

என் வண்டியில எலக்ட்ரானிக் ஷாக் இருக்கு, முன்னாடி கேமராவும் இருக்கு. ஏதும் பிரச்சனை வருமா?

எலக்ட்ரானிக் ஷாக்கை எடுத்துச் சாதாரண ஷாக் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை ஏமாற்ற மாட்யூல்கள் கிடைக்கின்றன, அதற்கும் செலவு. அந்தக் காரில் ஷாக்கை அப்படியே விட்டு, அதற்கென்று செய்த ஸ்பிரிங்கை மட்டும் 25 மி.மீட்டருக்குள் போடுவதே மலிவு. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவுக்குக் கார் உயரம் மாறினால் மறு அளவீடு வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதைச் செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஹெட்லைட்டை எல்லா வண்டியிலும் சரிபார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

சட்டப்படி சரியா? இன்சூரன்ஸ்ல சொல்லணுமா?

விதி நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி மாதிரி இடங்களில் பாகத்தோடு ஒப்புதல் ஆவணம் வேண்டும், சில இடங்களில் அனுமதியே கிடையாது. வாங்கும் முன் பதிவு அலுவலகத்திலும், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்திலும் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் மாற்றிய காருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டால், செட்டில் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

பழைய ஸ்பிரிங், ஷாக்கை வித்துடலாமா?

ஓர் ஆண்டு வைத்திருங்கள். எது இடது, எது வலது என்று பெயின்ட் பேனாவால் எழுதி, மேல் நட்டுகளை ஒரு பையில் போட்டுக் கூடவே கட்டி வையுங்கள். ஆய்வுக்கு, விற்பனைக்கு, அல்லது வீட்டில் யாருக்காவது முதுகுவலி வந்தால் திரும்ப மாட்ட அவை வேண்டும்.